ஒருவர் வெற்றி, எண்மர் உழைப்பு

மிதிவண்டி எளிய மக்களின் ஊர்தி. வேலைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், கடைக்குச் சென்று அரிசி வாங்கி வரவும் நெடுங்காலமாகத் துணைநின்றது அதுவே. அந்த எளிய ஊர்தியைக் கொண்டுதான், உலகின் மிகக் கடுமையான விளையாட்டுப் போட்டிகளுள் ஒன்று பிரான்சு நாட்டில் ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் நடைபெற்று வருகின்றது. ‘டூர் டி பிரான்ஸ்’ என்னும் அந்த நெடுவழிச் சைக்கிளோட்டப் போட்டியில் மஞ்சள் சட்டை அணிந்து பாரிசில் நிற்கும் வீரரின் படத்தை நம்மில் பலர் பார்த்திருக்கலாம். ஆனால், அவர் அங்கு வந்து நிற்பதற்காகப் பல திங்களாக உழைத்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்வாறு ஆயத்தமானார்கள் என்பதைப் பலர் அறியார். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போட்டியின் அமைப்பு

1903 ஆம் ஆண்டில் ‘லோட்டோ’ என்னும் பிரெஞ்சு விளையாட்டு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்கிக் கொள்ளும் பொருட்டு இப்போட்டியைத் தொடங்கியது. முதற் போட்டியில் 60 பேர் புறப்பட்டனர். 21 பேரே இறுதிவரை வந்து சேர்ந்தனர். மோரிஸ் காரேன் என்பவர் வெற்றி பெற்றார். அந்நாளில் வீரர்கள் தனித்தனியே போராட வேண்டியிருந்தது. பழுது நேர்ந்தாலும் பிறர் உதவியை நாடக் கூடாது என்பது விதி. 1913 இல் யூஜின் கிறிஸ்தோஃப் என்னும் வீரரின் மிதிவண்டி பிரெனே மலைத் தொடரில் முறிந்தது. அவர் அதனைச் சுமந்துகொண்டு மலையடிவாரச் சிற்றூருக்கு நடந்து சென்று, அங்கிருந்த கொல்லன் பட்டறையில் தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துச் செப்பனிட்டார். ஆயினும், பட்டறைச் சிறுவன் ஒருவன் அவருக்காகத் துருத்தி ஊதினான் என்ற காரணத்தால், அதற்கும் தண்டனையாகக் காலக் கணக்கில் நிமிடங்கள் கூட்டப்பட்டன!

அந்நிலை இன்று முற்றிலும் மாறிவிட்டது. இன்றைய போட்டி குழுக்களின் போட்டியாகும். இருபதுக்கும் மேற்பட்ட தொழில்முறைக் குழுக்கள் கலந்துகொள்கின்றன. 2018 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு குழுவிலும் எட்டு வீரர்கள் இடம்பெறுகின்றனர். 21 கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட சுமார் 3,400 கிலோமீட்டர் தூரத்தை, இடையே இரு நாள் ஓய்வுடன், 23 நாள்களில் அவர்கள் கடக்கின்றனர். எல்லாக் கட்டங்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மிகக் குறைந்த நேரத்தில் கடந்தவரே ஒட்டுமொத்த வெற்றியாளர் ஆவார். 2022 முதல் மகளிர்க்கெனவும் இத்தகைய போட்டி தனியே நடத்தப்பட்டு வருகின்றது.

காற்றும் கூட்டுறவும்

மிதிவண்டிப் போட்டியில் குழு எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதற்கு விடை காற்றில் உள்ளது. சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவர், தம் ஆற்றலில் பெரும்பகுதியை எதிர்க்காற்றைக் கிழித்துச் செல்வதற்கே செலவிட வேண்டியுள்ளது. அவருக்கு நேர் பின்னே, ஒரு சக்கர இடைவெளியில் ஒட்டிச் செல்பவருக்கோ அத்தொல்லை பெரிதும் குறைகின்றது. அவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பை மிச்சப்படுத்திக் கொள்ள முடியும். பல நாள் நீடிக்கும் போட்டியில் இவ்வாறு சேமிக்கப்படும் ஆற்றலே இறுதியில் வெற்றியைத் தருகின்றது.

ஆதலால் ஒவ்வொரு குழுவும் தன்னுள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, மற்றவர்களை அவருக்குக் காவலாக அமைத்துக் கொள்கின்றது. சமதளத்தில் காற்றை மறைத்துச் செல்வதற்கு வலிமை மிக்க உடலுடையோர். மலையேற்றத்தில் முன்னின்று வேகத்தைக் காத்துக் கொடுப்பதற்கு மெலிந்த உடலுடையோர் என ஆள் பார்த்துப் பணி பிரிக்கப்படுகின்றது. தலைவரின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பதும், பின்னால் வரும் குழுவின் காருக்குச் சென்று தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் அடைத்துக்கொண்டு மீண்டும் முன்னேறி வந்து அனைவருக்கும் வழங்குவதும் இவர்கள் கடமையே. பிரெஞ்சு மொழியில் இவர்களுக்கு ‘டொமெஸ்டிக்’ என்று பெயர். ‘வீட்டு வேலையாள்’ என்பது அதன் பொருள். பெயர் எளிமையானதாயினும், பணி எளியதன்று.

1934 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை இன்றும் சைக்கிளோட்ட அன்பர்கள் மறக்கவில்லை. அப்போது 20 வயதே நிரம்பிய ரெனே வியெட்டோ மலையேற்றத்தில் நிகரற்றவராக விளங்கினார். அவருடைய குழுத் தலைவர் அந்தோனின் மாஞ் கீழே விழுந்து சக்கரம் உடைந்தபோது, வியெட்டோ தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரத்தில் காத்திருந்தார். சாலைச் சுவரின் மீதமர்ந்து கண்ணீர் வடிக்கும் அவரது படம் உலகப் புகழ் பெற்றது. மறுநாளும் தலைவருக்கு இடர் நேரவே, முன்னே சென்றுவிட்ட அவர் தாம் வந்த வழியே திரும்பி வந்து தம் வண்டியையே கொடுத்தார். அவ்வாண்டு மாஞ் வெற்றி வாகை சூடினார். வியெட்டோ ஐந்தாம் இடத்தையே பெற்றார். அவர் ஒருமுறையும் இப்போட்டியில் வெற்றி பெற்றதில்லை. ஆயினும், வென்றவர் பெயரைக் காட்டிலும் அவர் பெயரே மக்கள் உள்ளத்தில் நிலைத்தது.

முன்னாயத்தம்

அடுத்த ஆண்டுப் போட்டி எவ்வழியாகச் செல்லும் என்பது முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே அறிவிக்கப்பட்டு விடும். அன்றே குழுக்களின் ஆயத்தமும் தொடங்குகின்றது. மலை மிகுந்த பாதையா, தனி ஒருவராய் ஓட்டும் நேரப் போட்டிகள் மிகுந்த பாதையா என ஆராய்ந்து, அதற்கேற்ற வீரர்களைக் குழுவின் நெறியாளர் தெரிவு செய்கின்றார். வசந்த காலத்தில் தலைவரும் துணைவரும் அம்மலைப் பாதைகளுக்கே சென்று, எந்த வளைவு ஆபத்தானது, எந்த ஏற்றம் செங்குத்தானது, காற்று எத்திசையிலிருந்து வீசும் என்பனவற்றை நேரில் ஓட்டிப் பார்த்துக் குறித்துக் கொள்கின்றனர்.

தொழில்முறை வீரர் ஒருவர் பயிற்சியும் போட்டியும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் ஓட்டுகின்றார். இது கண்மூடித்தனமான ஓட்டம் அன்று. மிதிகட்டையில் செலுத்தப்படும் ஆற்றலை அளக்கும் கருவி ஒன்றை 1986 இல் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபெரர் உருவாக்கினார். இன்று அத்தகைய கருவி ஒவ்வொரு வீரரின் வண்டியிலும் உள்ளது. தலைசிறந்த மலையேற்ற வீரர் ஒருவர், தம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஆறு வாட் என்ற அளவில் அரைமணி நேரம் வரை ஆற்றலைச் செலுத்துகின்றார். 60 கிலோ எடையுள்ளவர் எனின், அது 60 வாட் மின்விளக்குகள் ஆறினை எரிய வைப்பதற்கு ஒப்பாகும். எவ்வளவு உழைக்க வேண்டும், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்பதைப் பயிற்றுநர் இவ்வளவுகளைக் கொண்டே முடிவு செய்கின்றார். ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே என்பதை இங்கு மனத்திற்கொள்ள வேண்டும். உடல் வலுப்பெறுவது ஓடும்போது அன்று. ஓடிய பின் ஓய்ந்திருக்கும்போதுதான்.

மலை வாசம்

போட்டிக்கு முந்தைய திங்கள்களில் வீரர்கள் இரண்டு மூன்று வாரங்கள் உயர்ந்த மலைகளில் தங்குகின்றனர். ஸ்பெயின் நாட்டுச் சியரா நெவாடா மலையும், தெனெரிஃபே தீவிலுள்ள தெய்டே எரிமலைப் பகுதியும் இதற்குப் பெயர் பெற்றவை. இவ்விடங்கள் கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளன. அங்குக் காற்று மெலிந்திருப்பதால், மூச்சு ஒவ்வொன்றிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வாயுவின் அளவு குறைகின்றது. அக்குறையை ஈடுசெய்யும் பொருட்டு உடல் தானாகவே சிவப்பணுக்களை மிகுதியாக உற்பத்தி செய்கின்றது. சிவப்பணுக்கள் மிகுந்தால் தசைகளுக்கு உயிர்வாயு கூடுதலாகச் செல்லும்; களைப்பும் தள்ளிப் போகும். 2019 இல் தம் 22 ஆம் வயதில் வெற்றி பெற்ற கொலம்பிய வீரர் ஏகன் பெர்னால், சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள சிபாகிரா நகரில் வளர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மலையிலிருந்து இறங்கியதும், ஜூன் திங்களில் சுவிட்சர்லாந்திலும் தென்கிழக்குப் பிரான்சிலும் நடைபெறும் சிறிய நெடுவழிப் போட்டிகளில் கலந்துகொண்டு தம் வலிமையைச் சோதித்துப் பார்க்கின்றனர். போட்டிக்கு முந்தைய இறுதி நாள்களில் பயிற்சி வெகுவாகக் குறைக்கப்படுகின்றது.

உணவும் கருவியும்

கடினமான மலைக்கட்டம் ஒன்றில் வீரர் ஒருவர் 6,000 கலோரிக்கும் மேலாகச் செலவிடுகின்றார். சாதாரண மனிதர் ஒருவர் இரண்டு மூன்று நாள்களில் உண்ணும் உணவின் அளவு அது. இதனை ஈடுசெய்யக் குழுவின் சமையற்காரர் தம் கருவிகளுடன் உடன் செல்கின்றார். நாம் அன்றாடம் உண்ணும் சோறே அவர்களுடைய முதன்மையான உணவுகளுள் ஒன்று என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். காலையில் சோறு அல்லது கூழ்; வழியில் உண்பதற்கு, குழைய வேக வைத்த அரிசியை இனிப்பிட்டு இறுக்கித் துண்டுகளாக்கிய சிற்றுண்டி; மாலையில் மீண்டும் சோறு. பசி எடுத்த பின் உண்பது காலங்கடந்த செயல் என்று இளம் வீரர்களுக்கு முதலில் கற்பிக்கப்படுகின்றது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மலையேற்றத்தில் எடை குறைவாக இருப்பது நலம் என்பதால், சில வீரர்கள் அளவுக்கு மீறி உணவைக் குறைத்து உடலைக் கெடுத்துக் கொள்கின்றனர். எலும்பு நலிதல், நோய் எதிர்ப்பாற்றல் குன்றுதல் முதலிய கேடுகள் அதனால் விளைகின்றன. நல்ல குழுக்களில் மருத்துவர்கள் இதனைக் கண்காணித்து வருகின்றனர்.

மாலையில் வீரர்கள் படுக்கைக்குச் சென்ற பின்னும் சிலர் உறங்குவதில்லை. இயந்திரப் பணியாளர்கள் வண்டிகளைக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, தடைக்கட்டைகளைச் சோதிக்கின்றனர். உதவியாளர்கள் வீரர்களின் கால்களைப் பிடித்துவிட்டு, மறுநாளுக்குரிய உணவுப் பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் ஆயத்தம் செய்கின்றனர். வண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என்பது அனைத்துலகச் சைக்கிளோட்ட ஒன்றியத்தின் விதி. அவ்விதிக்கு உட்பட்டுச் சிறு முன்னேற்றங்களைத் தேடுவதில் குழுக்கள் போட்டியிடுகின்றன. சிறு முன்னேற்றம் என்ன செய்யும் என்பதற்கு 1989 ஆம் ஆண்டுப் போட்டி சான்று. இறுதி நாளன்று 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்க வீரர் கிரேக் லெமாண்ட், உடலைக் குறுக்கிக் காற்றைத் தவிர்க்க உதவும் புதுவகைக் கைப்பிடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டினார். 3,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்போட்டியில், பிரெஞ்சு வீரர் லோரான் ஃபினியோனை அவர் 8 விநாடியில் வென்றார்!

குறுக்குவழியின் கேடு

இத்தனை உழைப்புக்கும் இடையே குறுக்குவழியை நாடியோரும் உண்டு. 1967 ஜூலை 13 ஆம் நாள், கடும் வெயிலில் வெந்து மலையில் ஏறிக்கொண்டிருந்த ஆங்கிலேய வீரர் டாம் சிம்சன் சாலையிலேயே சரிந்து உயிர் நீத்தார். அவர் உடலில் ஊக்க மருந்து இருந்தது பின்னர்த் தெரிய வந்தது. 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றவராகப் போற்றப்பட்ட லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் வெற்றிகள் யாவும் 2012 இல் பறிக்கப்பட்டன. மலையில் வாரக்கணக்கில் தங்கிப் பெற வேண்டிய இரத்த வலிமையை ஊசி மருந்தினால் பெற முயன்றதும் அவர் செய்த குற்றங்களுள் ஒன்று. அக்காலத்தில் மருந்தை மறுத்து, நேர்மையாக ஓட்டிய வீரர்கள் பலர் ஊதியத்தையும் வாய்ப்பையும் இழந்தனர். அவர்கள் இழந்ததைத் திருப்பித் தர எவராலும் இயலாது. 2008 முதல் ஒவ்வொரு வீரரின் இரத்த அளவுகளும் ஆண்டு முழுவதும் பதிவு செய்யப்பட்டு ஒப்பிடப்படுகின்றன.

நாம் கொள்ளத்தக்கவை

நம் நாட்டிற்கும் இவ்விளையாட்டு புதிதன்று. 1996 முதல் நடைபெற்று வரும் லங்காவி நெடுவழிச் சைக்கிளோட்டப் போட்டியில் அயல்நாட்டுக் குழுக்களுடன் நம் வீரர்களும் போட்டியிட்டு வருகின்றனர். 2010 இல் அனுவார் மனான் அப்போட்டியின் கட்டம் ஒன்றில் வென்று, அவ்வாறு வென்ற முதல் மலேசியர் என்னும் பெருமையைப் பெற்றார். வறுமையோ பிறப்போ இதற்குத் தடையன்று. 1984 இல் ஆல்ப்ஸ் மலைக்கட்டத்தில் உலக வீரர்களை வென்ற கொலம்பியர் லூயிஸ் எரேரா, மலர்த்தோட்டத்தில் வேலை செய்தவர். ‘குட்டித் தோட்டக்காரர்’ என்றே அவரை மக்கள் அழைத்தனர்.

மிதிவண்டியில் ஆர்வமுள்ள நம் இளைஞர்கள் சிலவற்றை மறவாதிருத்தல் வேண்டும். தலைக்கவசமின்றி வண்டியில் ஏறலாகாது. தொழில்முறை வீரர்களுக்கே அது 2003 இல் கட்டாயமாக்கப்பட்டது. புறப்படுமுன் தடைக்கட்டைகளையும் காற்றையும் பார்த்துக் கொள்ள வேண்டும். தாகம் எடுக்குமுன் தண்ணீர் அருந்த வேண்டும். தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

இவற்றினும் மேலாக மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பாரிசில் மேடை ஏறுபவர் ஒருவரே. ஆயினும் அவர் பெறும் பரிசுப் பணம் குழுவினர் அனைவர்க்கும் பகிர்ந்தளிக்கப்படுவது நெடுநாளைய வழக்கம். காற்றை மறைத்தவருக்கும், தண்ணீர் சுமந்தவருக்கும், இரவில் வண்டி கழுவியவருக்கும் அதில் பங்குண்டு. பிறர் உழைப்பினால் உயர்ந்தவர் அவ்வுழைப்பை மறவாதிருப்பதே அப்போட்டியின் அறம். எத்தொழிலுக்கும் அது பொருந்தும்.