பூஜ்ஜியத்துக்கும் ஒரு வரிசை

1944 ஜூன் 13 அன்று லண்டன் மீது ஜெர்மனியின் வி-1 குண்டுகள் விழத் தொடங்கின. விமானி இல்லாத சிறு விமானம் அது. மூக்கில் சுமார் 850 கிலோ வெடிமருந்து இருக்கும். தடதடவென்ற சத்தத்தோடு தலைக்கு மேல் வரும். இன்ஜின் ஓசை நின்றுவிட்டால் விழப்போகிறது என்று அர்த்தம். குண்டுகள் சில பகுதிகளில் மட்டும் கொத்துக் கொத்தாக விழுகின்றன என்ற பேச்சு லண்டனில் பரவலாக இருந்தது. விழுந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஓரிடத்தில் நெருக்கம், பக்கத்திலேயே வெறுமை.

எதிரி குறி பார்த்து அடிக்கிறானா, குண்டு போன போக்கில் விழுகிறதா? இதற்குப் பிற்பாடு விடை தந்தவர் ஆர்.டி. கிளார்க். புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தில் காப்பீட்டுக் கணிப்பாளர் (ஆக்சுவரி). 1946-இல் அவர் வெளியிட்ட மிகச் சிறிய கட்டுரையில் இருந்தது ஒரு நிகழ்வெண் அட்டவணை. எட்டாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய அதே அட்டவணைதான்.

தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டார். அதைக் கால் சதுர கிலோமீட்டர் அளவுள்ள 576 கட்டங்களாகப் பிரித்தார். அந்தப் பரப்பில் விழுந்தவை மொத்தம் 537 குண்டுகள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை விழுந்தன என்று எண்ணினார். பிறகு, ஒரு குண்டும் விழாத கட்டங்கள் எத்தனை, ஒன்று விழுந்தவை எத்தனை, இரண்டு விழுந்தவை எத்தனை என்று தொகுத்தார்.

மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நேர்க்கோட்டுக் குறி போடும்போது ஒரு கோடு எதைக் குறிக்கிறது? குண்டையா, கட்டத்தையா? இங்கே ஒரு கோடு என்பது ஒரு கட்டம். மூன்று குண்டு வாங்கிய கட்டத்துக்கும் ஒரே கோடுதான்; ‘3’ என்ற வரிசையில் போட வேண்டும். குண்டே விழாத கட்டத்துக்கும் ஒரு கோடு உண்டு. இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் எண்ணத் தொடங்கினால் அட்டவணை முழுவதும் பிசகிவிடும்.

கிளார்க்குக்குக் கிடைத்தது இது:

குண்டு இல்லை: 229 கட்டங்கள்
ஒன்று: 211
இரண்டு: 93
மூன்று: 35
நான்கு: 7
ஐந்தும் அதற்கு மேலும்: 1

எந்த அட்டவணையைப் பார்த்தாலும் முதலில் கூட்டிப் பாருங்கள். வலப்பக்க எண்களின் கூடுதல் 576, சரி. அடுத்து ஒவ்வொரு வரிசையையும் பெருக்கிக் கூட்டுவோம். 211 கட்டங்களில் தலா ஒன்று, 93-இல் தலா இரண்டு, 35-இல் தலா மூன்று, 7-இல் தலா நான்கு. மொத்தம் 530. விழுந்தவை 537. அப்படியானால் கடைசி வரிசையில் இருக்கும் அந்த ஒற்றைக் கட்டத்தில் விழுந்தவை ஏழு. ‘அதற்கு மேலும்’ என்ற திறந்த வரிசை மறைத்ததை மொத்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரு கால் சதுர கிலோமீட்டரில் ஏழு குண்டு. அங்கே குடியிருந்தவரிடம் போய் இது தற்செயல் என்று சொன்னால் எப்படி நம்புவார்?

ஆனால் விடை அந்தக் கடைசி வரிசையில் இல்லை. முதல் வரிசையில் இருக்கிறது. குண்டுகளைச் சீராகப் பங்கிட்டிருந்தால் கட்டத்துக்கு ஒன்று வீதம் போக, 39 கட்டங்கள் மட்டுமே காலியாக இருந்திருக்கும். குறி பார்த்துச் சில இடங்களையே தாக்கியிருந்தால் காலிக் கட்டங்கள் பெருகியிருக்கும். எந்தக் குறியும் இல்லாமல் விழுந்திருந்தால்? ஒரு குண்டுக்கு ஒரு குறிப்பிட்ட கட்டம் தப்பிக்கும் வாய்ப்பு 576-இல் 575. அதை 537 முறை பெருக்கினால் 0.39 வருகிறது. 576 கட்டங்களில் ஏறக்குறைய 227 கட்டங்கள் தப்பியிருக்க வேண்டும். உண்மையில் தப்பியவை 229.

மற்ற வரிசைகளும் அப்படியே பொருந்துகின்றன. தற்செயலாக விழுந்தால் எதிர்பார்க்கக்கூடியவை முறையே 211, 99, 31, 7, கடைசியில் ஒன்றரை. கிளார்க் எண்ணியவை 211, 93, 35, 7, 1. எங்கே விழுந்தது என்பதை மறந்து, எத்தனை முறை என்பதை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் இது புலப்பட்டது. வரைபடம் கண்ணை ஏமாற்றிய இடத்தில் அட்டவணை ஏமாறவில்லை.

அப்படியானால் மக்கள் கொத்துக் கொத்தாகக் கண்டது பொய்யா? அதே அட்டவணையைக் குண்டின் பக்கமிருந்து படித்தால் அவர்கள் கண்டதும் உண்மைதான். இரண்டோ அதற்கு மேலோ குண்டு வாங்கிய கட்டங்கள் 136. மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அவற்றில் விழுந்த குண்டுகள் 326. அதாவது நூற்றுக்கு அறுபதுக்கும் சற்று மேல். விழுந்த குண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அருகிலேயே இன்னொன்றும் விழுந்திருக்கிறது. தற்செயலின் முகமே இப்படித்தான் இருக்கும். சதவீதம் போடும்போது ‘எதில் இத்தனை சதவீதம்’ என்று கேட்காவிட்டால் ஒரே அட்டவணையிலிருந்து இரண்டு பேர் இரண்டு கதை சொல்லலாம். இரண்டுமே கணக்குப்படி சரியாக இருக்கும்.

இந்த அட்டவணைக்கு எல்லையும் உண்டு. ஜெர்மானியர் குறி வைத்தது டவர் பாலத்தை. பல குண்டுகள் அதை எட்டாமல் தெற்கே விழுந்தன. குராய்டன் போன்ற தென்பகுதிகள் கடுமையாக அடிபட்டன. வடக்கையும் தெற்கையும் சேர்த்து எண்ணியிருந்தால் வேறு அட்டவணை வந்திருக்கும். கட்டத்தின் அளவும் அப்படியே. கால் சதுர கிலோமீட்டருக்குப் பதில் ஒரு சதுர கிலோமீட்டர் என்று வைத்திருந்தால் 144 கட்டங்கள். தற்செயல் கணக்குப்படி மூன்று நான்கு கட்டங்கள்தான் காலியாக இருக்கும். பாடப்புத்தகத்தில் ‘பிரிவு இடைவெளி’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் விஷயம், எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதையே தீர்மானிக்கிறது.

கிளார்க்குக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே, 1898-இல், போர்ட்கிவிச் என்பவர் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களை இப்படித் தொகுத்திருந்தார். 14 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். ஆக 280 பதிவுகள். இறப்பே இல்லாதவை 144. ஒன்று 91, இரண்டு 32, மூன்று 11, நான்கு 2. நான்கு பேர் இறந்த ஆண்டில் அதிகாரியின் அலட்சியம் என்று பேசியிருப்பார்கள். தற்செயலே அப்படி ஓரிரு ஆண்டுகளைக் கொண்டுவரும் என்பதை அந்த 144 சொல்கிறது.

பூஜ்ஜியத்துக்கான அந்த வரிசையைத்தான் நாம் வழக்கமாக எழுதுவதே இல்லை. வகுப்பில் மதிப்பெண்ணைத் தொகுக்கும் பிள்ளைகள் கண்ணில் பட்ட மதிப்புகளை மட்டும் எழுதுகிறார்கள். பெரியவர்களின் பதிவேடுகளோ இன்னும் மோசம்: மருத்துவமனைக்கு வந்தவர் பெயர் இருக்கும், வராதவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. டெங்கு வந்த தெருக்கள் செய்தியாகும். வராத தெருக்களை யாரும் எண்ணுவதில்லை.

விபத்து அதிகம் நடந்த பத்துச் சந்திப்புகள் என்று ஒரு பட்டியல் வந்தால், போக்குவரத்து ஏறக்குறைய அதே அளவுள்ள சந்திப்புகள் மொத்தம் எத்தனை, அவற்றில் விபத்தே நடக்காதவை எத்தனை, ஒன்று நடந்தவை எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். கிளார்க்கின் அட்டவணை போலப் படிப்படியாக இறங்கினால், அடுத்த ஆண்டு அந்தப் பத்தில் பல பட்டியலிலிருந்து தாமாகவே மறையும். வேகத்தடை போட்டதால் குறைந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது. காலி வரிசையும் கடைசி வரிசையும் கணக்கு சொல்வதைவிடப் பருத்திருந்தால், அந்தச் சந்திப்புகளில் ஏதோ கோளாறு இருக்கிறது. வளைவா, எரியாத விளக்கா, மறைக்கும் மரமா என்பதை நேரில் போய்ப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.