தரையிலிருந்து உச்சிக்கு

1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியிலிருந்த மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அதுதான் இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு. அதையொட்டிய ஆண்டுகளில் நம் ஊர்களில் எழுந்த டவர்களின் அடியில் பெரும்பாலும் ஓர் அறை இருக்கும். ஷெல்ட்டர் என்பார்கள். உள்ளே ஏசி ஓயாமல் ஓடும். ரேடியோ இருக்கும் பிடிஎஸ் அலமாரி ஆளுயரத்துக்கு நிற்கும். 2 வோல்ட் பேட்டரிகள் 24 வரிசையாக இணைந்து 48 வோல்ட் கொடுக்கும். செல்பேசிக்கான ரேடியோ முழுவதும் தரையில்தான். உச்சியில் இருந்த ஆண்டெனாவில் பழுதாவதற்கு அதிகம் எதுவும் கிடையாது.

இரண்டையும் இணைத்தது ஃபீடர் கேபிள். 7/8 அங்குலத் தடிமன், மீட்டருக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. மூன்று திசைக்கு மூன்று செக்டார், செக்டாருக்கு இரண்டு என ஆறு கேபிள்களைக் கப்பியில் கயிறு போட்டு மேலே இழுப்பார்கள். இறுக்கமாக மடித்துவிட்டால் செப்பு உறை நெளிந்து கேபிளே வீணாகும்.

கேபிள் முனையில் கனெக்டர் போடுவதில்தான், டவரில் ஏறி வேலை செய்யும் ரிக்கரின் கை தெரியும். கறுப்புத் தோலைச் சீவி, செப்பு உறையை நேராக அறுத்து, உள்ளிருக்கும் நுரையில் துகள் ஒன்றுகூட ஒட்டாமல் பிரஷால் தட்டிவிட வேண்டும். இறுக்கிய பிறகு பிசின் டேப், அதன்மேல் பிவிசி டேப். கடைசிச் சுற்றைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால்தான் ஓட்டுக் கூரையில் வழிவதுபோல் மழைநீர் வழியும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே வாங்கும். அறைக்குள் நுழையுமுன் கேபிளைச் சற்றுத் தொங்கலாக விடுவதும் அந்த நீர் சொட்டிப் போகத்தான். முடித்ததும் மீட்டரை மாட்டி, சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் விஎஸ்டபிள்யூஆர் பார்ப்பார்கள். 1.3ஐத் தாண்டினால் பல இடங்களில் மறுபடி அறுக்கச் சொல்வார்கள்.

இத்தனை பக்குவமாகப் போட்டும், 1800 மெகாஹெர்ட்ஸில் 50 மீட்டர் ஏறுவதற்குள் சக்தியில் ஏறத்தாழ பாதி கேபிளிலேயே வெப்பமாகப் போய்விடும். வேலையில் குறையில்லை, கேபிளின் இயல்பு அது.

இன்று ரேடியோவே ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஆர்ஆர்யூ என்ற அந்தப் பெட்டிக்குக் கீழிருந்து போவது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ஃபைபரும் ஒரு மின்கேபிளும்தான். பழைய அலமாரிக்குப் பதில் தரையில் மிஞ்சுவது சிக்னலைக் கையாளும் சிறு பிபியு பெட்டி. பல சைட்டுகளில் அறையும் இல்லை, ஏசியும் இல்லை. 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி வந்தபின் பல இடங்களில் ரேடியோவும் ஆண்டெனாவும் ஒரே பெட்டியாகிவிட, இடையிலிருந்த ஜம்பர் கேபிளும் மறைந்தது. அங்கே மீட்டரை மாட்ட கனெக்டரே இல்லை. அன்று கண்ணுக்குத் தெரிந்த செப்புத் துகளுக்குப் பயந்தார்கள்; இன்று ஃபைபர் முனையில் படியும், கண்ணுக்கே தெரியாத தூசுக்குப் பயப்படுகிறார்கள். நன்றாகப் போட்டதற்குச் சாட்சி அன்று மீட்டர் வரைந்த கோடு. இன்று லேபிள் லேபிளாக எடுத்து ஆப்பில் ஏற்றும் போட்டோக்கள்.

சில ஏற்றங்கள் குறைந்திருப்பது பெரிய நிம்மதி. ஆண்டெனாவை 2 டிகிரி சாய்க்க அன்று ஒருவர் ஏறிப் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். இன்று பல ஆண்டெனாக்களில் அதற்கென மோட்டார் உண்டு, ஆண்டெனா அசையாமலே அலை செல்லும் கோணத்தை அலுவலகத்திலிருந்தே சாய்க்கிறார்கள்.

ஆனால் பழுதும் உச்சிக்குப் போய்விட்டது. ஐப்பசி மழையில் நள்ளிரவில் ரேடியோ கார்டு போனால், அன்று டெக்னீஷியன் அறையைத் திறந்து, உலர்ந்த தரையில் நின்று பழையதை உருவிப் புதியதைச் செருகிவிடுவார். இன்று முதலில் தொலைவிலிருந்தே ரீஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். பல கோளாறுகள் அதிலேயே தீரும். தீராவிட்டால் மழையும் மின்னலும் ஓயும்வரை யாரும் ஏறக் கூடாது, அதுதான் சரி. அதுவரை அந்தத் திசையில் இருப்பவர்களுக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது.

விடிந்ததும் ரிக்கர் ஹார்னஸ் மாட்டிக்கொண்டு ஏறுகிறார். 5ஜி பெட்டி என்றால் 30 கிலோவுக்குக் குறையாததும் உண்டு. அதை 40 மீட்டர் உயரத்தில் காற்றுக்கு ஆடாமல் பிடித்துப் பொருத்த வேண்டும். ரேடியோவை மேலே ஏற்றியவர்கள் அவருடைய கூலியையும் காப்பீட்டையும் சேர்த்தே ஏற்றியிருக்க வேண்டும். துணை ஒப்பந்தக்காரரின் கீழ் நாள்கூலிக்கு ஏறுபவர்கள் இன்னமும் பலர் இருக்கிறார்கள்.