ஒரே பேய்க் கதை, இரண்டு பங்களா!

பேய் என்றால் குழந்தைகள் போர்வைக்குள் ஒளிந்து கொள்ளும். பெரியவர்களும் விளக்கை அணைக்க யோசிப்பார்கள்.

ஆனால் 2019-ம் ஆண்டில் இங்கிலாந்து டெலிவிஷனில் சில பேய்கள் வந்தன. ஜனங்கள் அவற்றைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள்!

அந்தத் தொடர் நாடகத்தின் பெயர் "கோஸ்ட்ஸ்". பேய்கள் என்று அர்த்தம். பி.பி.சி. அதை ஒளிபரப்பியது. இரண்டு ஆண்டு கழித்து, 2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவின் சி.பி.எஸ். கம்பெனி அதே கதையைத் தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றி எடுத்து வெளியிட்டது.

கதை இதுதான்:

ஆலிசன் ஓர் இளம் பெண். அவள் புருஷன் மைக். முகம் தெரியாத தூரத்து உறவுக்காரக் கிழவி ஒருத்தி சாகிறாள். அவளுடைய பங்களா ஆலிசனுக்கு வந்து சேருகிறது. பெரிய பங்களாதான், ஆனால் கூரை ஒழுகுகிறது. கையில் காசும் இல்லை. போதாக்குறைக்கு, உள்ளே ஒரு கூட்டம் பேய்கள்!

ஒரு பேய் ஆலிசனை ஜன்னலில் இருந்து தள்ளிவிடுகிறது. அவள் நினைவிழந்து கிடந்து, உயிர் பிழைக்கிறாள். அன்று முதல் பேய்கள் அவள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவளோடு பேசுகின்றன. சண்டை போடுகின்றன.

பாவம், மைக்! அவனுக்கு ஒன்றும் தெரியாது. வெறும் சுவரைப் பார்த்துப் பேசுகிறான்.

அமெரிக்காவில் ஆலிசன், சமந்தா ஆகிவிட்டாள். அவள் மாடிப்படியில் உருண்டு விழுகிறாள். அவள் புருஷன் ஜே, கைதேர்ந்த சமையல்காரன். இந்திய வம்சத்தைச் சேர்ந்தவன். அந்த வேடத்தில் நடிப்பவர் உத்கர்ஷ் அம்புத்கர்.

பழைய மண், புது மண்

செத்த இடத்தை விட்டுப் பேய் போக முடியாது. சாகும்போது உடுத்தியிருந்த துணிதான் என்றைக்கும் உடை. இது பேய்களின் சட்டம்.

அதனால் அந்த மண்ணின் சரித்திரமே வீட்டுக்குள் நடமாடுகிறது. இங்கிலாந்துப் பங்களாவில் குகை மனிதன் ஒருவன் இருக்கிறான். சூனியக்காரி என்று சொல்லி எரிக்கப்பட்ட மேரி இருக்கிறாள். காதல் சண்டையில் குண்டடிபட்ட கவிஞர், தலை துண்டான பிரபு எல்லாரும் உண்டு.

அமெரிக்காவில் அவ்வளவு பழைய பங்களா ஏது? அதனால், வீடு கட்டுவதற்கு முன்பே அந்த நிலத்தில் செத்தவர்களையும் சேர்த்துக் கொண்டார்கள். கடல் கடந்து வந்த வைக்கிங் வீரன் ஒருவன். அந்த மண்ணின் ஆதிகுடியான லெனாப்பே இனத்து வாலிபன் ஒருவன். மதுவிலக்குக் காலத்துப் பாட்டுக்காரி ஒருத்தி.

இரண்டு வீட்டிலும் கால்சட்டை இல்லாத பேய் ஒன்று உண்டு! இங்கிலாந்தில் அவர் பார்லிமெண்ட் மெம்பர். செய்யக்கூடாத காரியம் செய்துகொண்டிருந்தபோது உயிர் போய்விட்டது. அமெரிக்காவில் அவன் பங்கு வியாபாரி. கூட வேலை செய்த ஒருவனை மற்றவர்கள் அவமானப்படுத்தினார்கள். அந்தப் பையனுக்குத் தன் கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்த அன்று இரவு இறந்தான்.

ஒரே வெறுங்கால்தான். அங்கே கேலி, இங்கே இரக்கம்!

மனைவியும் வந்தாள்

கழுத்தில் அம்பு பாய்ந்த சாரணர் தலைவனும் இரண்டு வீட்டிலும் இருக்கிறான். இங்கிலாந்தில் அவன் பெயர் பாட். 1984-ல் செத்தவன். ஒவ்வோர் ஆண்டும் அவன் நினைவு நாளில் குடும்பத்தார் அங்கே வருகிறார்கள். அவன் ஆவலோடு காத்திருப்பான். தான் உயிரோடு இருந்தபோதே மனைவி தன் நண்பனோடு பழகினாள் என்பது பல ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது. நொறுங்கிப் போகிறான். ஆனால் பேரனுக்குத் தன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும், மனம் ஆறுகிறது.

அமெரிக்காவில் அவன் பெயர் பீட். அவனுக்கும் இதே துரோகம், இதே பேரன். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் அந்த மனைவி அதே வீட்டில் பலகாரம் தொண்டையில் சிக்கிச் சாகிறாள். அவளும் பேயாகி அங்கேயே தங்கிவிடுகிறாள்!

இங்கிலாந்து வீட்டில் ஆள் குறைகிறது. அமெரிக்க வீட்டில் ஆள் கூடுகிறது.

காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் நடிகர்கள் ஆறு பேர் சேர்ந்து இந்தத் தொடரை உருவாக்கினார்கள். அவர்களே பேய் வேடமும் போட்டார்கள். ஆண்டுக்கு ஆறு வாரக் கதை, கிறிஸ்துமஸ் வந்தால் இன்னும் ஒன்று. அமெரிக்காவிலோ முதல் தடவையே 18 வாரம். அடுத்த தடவை 22! அவ்வளவு நீண்ட ஓட்டத்துக்கு ஆள் வேண்டாமா?

போனவள், போகாதவள்

2022-ம் ஆண்டில் மேரி போய்விட்டாள். பேய்களும் ஒரு நாள் விடுதலையாகி மேலே போகும். எப்போது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. நூற்றாண்டுக் கணக்கில் கூட இருந்தவள் திடீரென்று இல்லை. மற்றப் பேய்கள் திகைத்து நின்றன. அவள் திரும்பி வரவே இல்லை.

அமெரிக்காவிலும் 2023-ம் ஆண்டு மே மாதம் ஒரு பேய் மேலே போவது போலக் காட்டி, யார் என்று சொல்லாமல் நிறுத்தினார்கள். அப்போது ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். புதுக் கதை இல்லை. ஆகவே சி.பி.எஸ். அந்த நவம்பரில் இங்கிலாந்துத் தொடரையே வாங்கி ஒளிபரப்பியது. மூலக் கதை, நகல் ஓடிய வீட்டுக்கே விருந்தாளியாக வந்தது!

2024-ம் ஆண்டு பிப்ரவரியில் விடை வந்தது. போனவள் பிளவர் என்ற ஹிப்பிப் பெண். எல்லாரும் அழுதார்கள். சில வாரம் சென்றது. அவள் எங்கும் போகவில்லை. கிணற்றுக்குள் விழுந்து கிடந்தாள் என்று தெரிந்தது!

சிரிப்புக்கு அமெரிக்கக் கிணறு நல்லதுதான். ஆனால் மனதில் நிற்பது மேரியின் காலி இடம்.

2025-ம் ஆண்டில் அமெரிக்கத் தொடருக்கு மேலும் இரண்டு பருவங்களுக்கு உத்தரவு கிடைத்தது. இங்கிலாந்துத் தொடரோ 34 வாரக் கதையோடு, 2023-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று முடிந்தது.

அந்தக் கடைசி நாளில் ஆலிசனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. பங்களாவை வாங்க ஒரு ஹோட்டல் கம்பெனி தயாராக இருக்கிறது. பேய்களை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. தனிக்குடித்தனம் அனுப்பி வைக்கும் தாய் தகப்பனைப் போல, பேய்களே அவளைப் போகச் சொல்லுகின்றன.

காலம் ஓடுகிறது. பங்களா ஹோட்டலாகிவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் நரைத்த தலையோடு ஒரு கிழவனும் கிழவியும் அங்கே தங்க வருகிறார்கள். மைக்கும் ஆலிசனும்தான்! பேய்களுக்கு ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன.