வேகத்துக்கு வந்த கடிதம்

நயினாதீவைச் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர் இலண்டனிலே மோட்டார் வண்டியிற் பொருள்களைக் கொண்டுசென்று கொடுத்துச் சீவியம் நடத்துபவர். ஈராண்டுகளுக்கு முன்னர், ஒரு மார்கழி மாதத்து இரவில், அவர் தொலைபேசியில் நம்மை அழைத்தார். "ஐயா, பொலிசாரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. மாமா ஒரு யோசனை சொல்கிறார். சரியோ பிழையோ தெரியவில்லை" என்றார்.

முப்பது மைல் வேகமே அனுமதிக்கப்பட்ட தெருவில் அவருடைய வண்டி முப்பத்தெட்டு மைல் வேகத்திற் சென்றதாம். தெருவோரக் கமெரா அதனைப் படமெடுத்துவிட்டது. "வண்டியை ஓட்டியவன் நான் என்று எழுதிவிடு, என் அனுமதிப்பத்திரத்தில் ஒரு கறையும் இல்லை" என்பது மாமாவின் யோசனை. நாம் என்ன மறுமொழி கூறினோம் என்பதைப் பின்னர் சொல்வோம். முதலில் அக்கடிதம் எவ்வாறு வந்தது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்ளல் நன்று.

வேகக் கமெராவை ஆக்கியவர் மோரிஸ் கற்சோனிடெஸ் என்னும் ஒல்லாந்தர். நம் நெடுந்தீவுக்குத் தம் நகரொன்றின் பெயரைச் சூட்டி 'டெல்வ்ற்' என வழங்கச் செய்தவரும் அந்நாட்டவரே அன்றோ! யாவாத் தீவிலே பிறந்த கற்சோனிடெஸ், 1953ஆம் ஆண்டில் மொன்ரே கார்லோ மோட்டார் ஓட்டப் போட்டியில் வென்ற வீரர். வளைவுகளைத் தாம் இன்னும் விரைவாகக் கடப்பது எவ்வாறு என ஆராய்வதற்கே அவர் வேகத்தை அளக்கும் கருவியை அமைத்தார். விரைந்து செல்வதற்கென்று பிறந்த கருவி, விரைவோரைப் பிடிக்கும் கருவியாக மாறியது காலத்தின் வேடிக்கை.

இக்கருவிகளுள் சில வானொலி அலையை வண்டியின்மீது செலுத்தும். ஓடும் வண்டியிற் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுபடும். அம்மாறுபாட்டைக்கொண்டு வேகம் கணிக்கப்படும். நம்மைக் கடந்து செல்லும் புகைவண்டியின் ஊதல் ஒலி வேறுபட்டுக் கேட்பதும் இதே நியதியினாலேயாம். வேறு சில, ஒரு கமெராவிலிருந்து மற்றொன்றுக்கு வண்டி சென்றடைந்த நேரத்தைக்கொண்டு சராசரி வேகத்தைக் காணும். இத்தகைய கமெராவைக் கண்டவுடன் வேகத்தைக் குறைத்துக் கடந்தபின் கூட்டும் தந்திரம் பலிப்பதில்லை.

பிரித்தானியாவில் இவ்வாறு அகப்பட்ட வண்டியின் பதிவாளருக்குப் பதினான்கு நாள்களுள் அறிவித்தல் சேரவேண்டும். அவர் இருபத்தெட்டு நாள்களுள் வண்டியை ஓட்டியவர் யாரென எழுதியனுப்பவேண்டும். எழுதாமல் விடுவது தனிக் குற்றம். வேகம் சிறிதே மிஞ்சியிருந்தால் ஒரு வகுப்புக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைப்பதுண்டு. இன்றேல் 100 பவுண் தண்டமும் மூன்று குற்றப் புள்ளிகளும் வரும். மூன்று ஆண்டுகளுள் பன்னிரண்டு புள்ளி சேர்ந்தால் ஓட்டுந் தடை விதிக்கப்படும். புதிதாக அனுமதி பெற்றவருக்கோ முதல் ஈராண்டுகளுள் ஆறு புள்ளி சேர்ந்தாலே போதும், அனுமதி பறிபோய்விடும். நம் மாணவர் புதியவர். வகுப்புக்கும் சென்று முடித்தவர். மூன்று புள்ளிகளும் ஏற்கெனவே பெற்றவர். அவருடைய கலக்கத்தின் காரணம் இப்பொழுது விளங்கும்.

இனி நம் ஊர் நிலைமையைப் பார்ப்போம். ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ கம்பத்தில் நின்று கடிதம் அனுப்பும் வேகக் கமெராவை நாம் கண்டதில்லை. பொலிசார் கையிலேந்தும் கருவியே இங்கு வழக்கில் உள்ளது. இலங்கையில் மோட்டார் காரும் சைக்கிளும் ஊர்மனைகளுக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70 கிலோமீற்றர் செல்லலாம்; முச்சக்கர வண்டிக்கு 40 கிலோமீற்றரே எல்லை. மீறியவரிடம் பொலிசார் தண்டப் பத்திரத்தைக் கொடுத்துச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைப்பர். அப்பத்திரமே பதினான்கு நாள்களுக்குத் தற்காலிக அனுமதியாகும். அதற்குள் தபாற் கந்தோரிற் பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். தவறினால் அடுத்த பதினான்கு நாள்களுக்கு இரட்டிப்புத் தொகை. அதுவும் தவறினால் நீதிமன்றம்.

பட்டினத்தாருக்கு இது ஒருநாள் அலைச்சல். நெடுந்தீவுக்காரருக்கோ, யாழ்ப்பாணத்துப் பொலிஸ் நிலையத்தில் இருக்கும் அனுமதிப்பத்திரத்தை மீட்க மறுபடியும் கடல் கடக்கவேண்டும்! 2025ஆம் ஆண்டில் 'கவ்பே' என்னும் அரசாங்க ஏற்பாட்டின் மூலம், தண்டத்தைக் கைத்தொலைபேசியாற் செலுத்தும் முறை படிப்படியாகத் தொடங்கப்பட்டது. கடலாற் பிரிந்த மக்களுக்கு இது பேருதவியாகும்.

கொழும்பு செல்லும் தீவகத்தார் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு தை மாதம் முதல், அந்நகரத் தெருக்களிலுள்ள கண்காணிப்புக் கமெராக்களின் துணைகொண்டு வீதிக் குற்றங்கள் கண்டறியப்படுகின்றன. அறிவித்தல், வண்டிச் சொந்தக்காரர் வசிக்கும் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் வழியாகவே வந்துசேரும். சொந்தக்காரர் என்பவர் ஏட்டிலே பெயர் உள்ளவர். வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாதிருப்போர் நம்மிடையே மிகப் பலர். வாங்கியவன் செய்த பிழைக்கு விற்றவனின் வீட்டு வாசலுக்கு ஆள் வரும். ஆகையால் வண்டியை விற்றவுடன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துவிடுதல் அறிவுடைமை.

"இவையெல்லாம் பணம் பறிக்கும் வழி" என்று முறையிடுவோர் எங்கும் உளர். நம்மவர் பெருகி வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இந்த முறைப்பாடு வலுத்து, 2025ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் முதல் வேகக் கமெராக்கள் தடைசெய்யப்பட்டன. கமெராவைத் தடைசெய்யலாம், இயற்கை விதியைத் தடைசெய்ய முடியுமா? மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கட்டும். ஓர் ஆடு குறுக்கே பாய்கிறது. சாரதி கண்டு தடுப்பை அழுத்த ஒரு விநாடி ஆகிறது. 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்த கார், நல்ல தெருவில், ஏறக்குறைய 28 மீற்றரில் நின்றுவிடும். 70இல் வந்த காருக்கு 46 மீற்றர் வேண்டும். முதற்கார் நின்ற அதே இடத்தில் இரண்டாவது கார் இன்னமும் 58 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்! ஆட்டுக்குப் பதிலாக ஒரு பள்ளிப்பிள்ளையை எண்ணிப் பாருங்கள்.

பண்ணைத் தாம்போதியிலே இருமருங்கும் கடல், மரமில்லை, மதிலில்லை, தெரு நேராகக் கிடக்கிறது. நாம் விரைவதே நமக்குத் தெரிவதில்லை. அங்கே கண்ணை நம்பாது வேகமானியை நம்பவேண்டும். விரைந்து நாம் பெறுவதுதான் என்ன? முப்பது கிலோமீற்றர் வழியை 50இல் ஓடினால் 36 நிமிடம். 70இல் ஓடினால் 26 நிமிடம். மிச்சம் பிடித்த பத்து நிமிடத்தையும் குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகுக்காகக் காத்திருந்து கழிப்போம்.

இனி மாமாவின் யோசனைக்கு வருவோம். நாம் மாணவருக்கு இரு கதைகளைச் சொன்னோம். பிரித்தானிய அமைச்சராயிருந்த கிறிஸ் கியூன், 2003இல் வேகக் கமெராவில் அகப்பட்டபோது, அக்குற்றப் புள்ளிகளை மனைவியார் தம்மீது ஏற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் கழிந்து உண்மை வெளிவந்தது. 2013இல் இருவருக்கும் எட்டு மாதச் சிறை. அவுஸ்திரேலியாவின் முன்னாள் நீதியரசர் மார்க்கஸ் ஐன்பெல்ட், 2006இல் 77 டொலர் தண்டத்தைத் தவிர்ப்பதற்காக, வண்டியை ஓட்டியவர் வேறொருவர் என்று சத்தியஞ் செய்தார். அவர் குறித்த பெண்மணியோ அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே இறந்தவர்! 2009இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வேகத்துக்குரிய தண்டம் சிறியது. பொய்க்குரிய தண்டம் பெரியது.

"மாமாவின் அன்பு பெரிது, அந்த அன்பை ஒரு பொய்க்கு ஈடு வைக்காதே" என்று கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். வேலை போகும் என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். எளிதாகச் சொல்லிவிட்டோமோ என்று அன்றிரவு நமக்கும் உறக்கம் வரவில்லை.

அவர் தம் பெயரையே எழுதினார். அனுமதி பறிபோயிற்று. பல மாதங்கள் ஒரு கடையிற் குறைந்த சம்பளத்துக்கு நின்று, மறுபடியும் இரு பரீட்சைகளையும் எழுதித் தேறினார்.

சென்ற ஆனியில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு அவர் ஊர் வந்தார். நாமும் உடன் சென்றோம். நாங்கள் ஏறிய முச்சக்கர வண்டி தாம்போதியில் ஏறியதும் பறக்கத் தொடங்கியது. நம் மாணவர் முன்னே சாய்ந்து சாரதியின் தோளைத் தொட்டார்.

"தம்பி, ஆறுதலாப் போங்கோ. வள்ளம் தன்ர நேரத்துக்குத்தான் வெளிக்கிடும்."