மிதக்க முயலும் சுரங்கம்

புவிநடுக்கம் வரும்போது நிலத்துக்கடியில் அகப்படுவதுதான் பேராபத்து என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், கடினமான பாறையைக் குடைந்து அமைத்த சுரங்கம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. உயர்ந்த கட்டடம் தனியே ஊசலாடும். சுரங்கமோ தன்னைச் சூழ்ந்த பாறையோடு சேர்ந்தே அசையும். நீர் நிரம்பிய மென்மையான நிலத்தில் அமைத்த சுரங்கத்தின் கதைதான் வேறு.

கடலோர ஈரமணலில் ஒரே இடத்தில் நின்று மிதித்துக்கொண்டேயிருந்தால் மணல் கூழாகிப் பாதம் புதையும் அல்லவா? புவிநடுக்கத்தின்போதும் ஏறத்தாழ அதுவே நிகழ்கிறது. மணற்றுணிக்கைகள் ஒன்றையொன்று தொட்டு நின்றே மேலுள்ள பாரத்தைத் தாங்குகின்றன. நிலம் குலுங்க, அவை இன்னும் நெருங்கப் பார்க்கின்றன. இடையிலுள்ள நீருக்கு அந்தச் சில செக்கன்களில் வெளியேற வழியில்லை. அதன் அமுக்கம் கூடித் துணிக்கைகளின் பிடி தளர்கிறது. நிலம் சற்று நேரம் பாரமான ஒரு திரவமாகிவிடுகிறது. இதைத் திரவமாதல் என்பர். 1964இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் அடுக்குமாடிகள் உடையாமல் அப்படியே சாய்ந்ததும், புதைத்திருந்த தாங்கிகள் மேலே கிளம்பியதும் இதனால்தான்.

இனி ஒரு சிறு கணக்கு. (கலைப்பிரிவுத் தோழிகள் விடையை மட்டும் பார்த்தாலும் போதும்!) வெளிவிட்டம் 6 மீற்றர், சுவரின் தடிப்பு 30 சென்ரிமீற்றர் கொண்ட ஒரு கொங்கிறீற்றுச் சுரங்கத்தை எடுப்போம். அதன் ஒரு மீற்றர் நீளம் சுமார் 13 தொன் நிறையுடையது. அதே நீளம் இடம்பெயர்க்கும் கனவளவு 28 கனமீற்றர். திரவமான மணலின் ஒரு கனமீற்றர் கிட்டத்தட்ட 2 தொன் என்பதால், மேலுதைப்பு 50 தொன்னைத் தாண்டுகிறது. கீழே இழுப்பது 13, மேலே தள்ளுவது 50! வெற்றுப் போத்தலை வாளி நீரில் அமிழ்த்திப் பிடிப்பது போன்ற நிலை இது.

மிதப்பது மட்டுமே ஆபத்தல்ல. 1995 ஜனவரி 17இல் கோபே நகரைப் புவிநடுக்கம் தாக்கியபோது டைக்காய் நிலக்கீழ் ரயில் நிலையம் இடிந்தது. மேலேயுள்ள மண் ஒரு புறமும் கீழேயுள்ள மண் மறுபுறமும் அசைய, பெட்டி போன்ற நிலையம் இணைகரமாகச் சாய முயன்றது. நடுத்தூண்கள் 30க்கும் மேற்பட்டவை நொறுங்கின. மேலிருந்த வீதி 2 மீற்றருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது. புவிநடுக்கத்தைக் கருத்திற்கொள்ளாமல் வடிவமைத்த நிலையம் அது.

இந்த அனுபவங்களுக்குப் பின் கட்டப்பட்டதே இஸ்தான்புல்லின் மர்மராய் சுரங்கம். 2013இல் திறக்கப்பட்ட அது, ஆசியாவையும் ஐரோப்பாவையும் பொஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் இணைக்கிறது. மிக ஆழமான இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீற்றர். பெரிய நிலப்பிளவொன்று ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவிலேயே கிடக்கிறது. ஆகவே கடலடியில் தளர்வாயிருந்த மண்ணுக்குள் சீமெந்துக் கலவையை அமுக்கிச் செலுத்தி முதலில் அதை இறுக்கினார்கள். கடலடியில் இறக்கிய 11 துண்டுகளும் குடைந்த சுரங்கமும் சந்திக்கும் இடங்களில், அசைந்தாலும் நீர் புகாத நெகிழ் மூட்டுகளை வைத்தார்கள். விறைப்பாக இணைத்திருந்தால் முதலில் உடைவது அந்த மூட்டுகளாகவே இருந்திருக்கும்.