பூஜ்யத்தில் இருபது விழுக்காடு!



வெள்ளத்தில் தத்தளிப்பவன் கை நீட்டுகிறான். கரையில் நிற்பவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்: "போன மாதம் எங்களிடம் கயிறு வாங்கினாயா? வாங்கிய சீட்டு இருக்கிறதா?"

கதையல்ல இது. கொரோனா காலத்தில் இந்நாட்டுச் சிறுதொழிலாளிக்கு நேர்ந்த கதி!

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நான்கு மணி நேரத்தில் நாடு முழுவதும் பூட்டு. நோயைத் தடுக்கப் பூட்டுவது தேவையென்றால் பூட்டட்டும், நாம் தடுக்கவில்லை. கடையைப் பூட்டச் சொன்ன டெல்லி, கடைக்காரன் வீட்டு அடுப்பைப் பற்றி என்ன நினைத்தது? அதைத்தான் கேட்கிறோம்.

காஞ்சிக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம், பெரிய ஏரியோடு இருக்கிறது தாமல். அப்படிப்பட்ட ஊர்களில் தொழில் நடத்துவோர் யார்? டீக்கடைக்காரர். தையற்காரர். பஞ்சர் ஒட்டுபவர். இட்லி அவித்து விற்கும் அம்மையார். வீட்டிலேயே தறி போட்டிருக்கும் நெசவாளி. வாசலில் பெயர்ப்பலகை இல்லை, உள்ளே கணக்கப்பிள்ளை இல்லை. முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே!

2020 மே 12இல் 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் என்றார்கள். மறுநாள், அதில் 3 லட்சம் கோடி சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கடனாக வரும் என்றார்கள். ஈடு வேண்டாம், அரசே பொறுப்பு. கேட்கக் காது குளிர்ந்தது. விதியைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது.

2020 பிப்ரவரி 29 அன்று உமக்கு எவ்வளவு கடன் பாக்கியோ, அதில் 20 விழுக்காடு மேலும் கடன்! ஐந்து லட்சம் பாக்கி வைத்திருந்தவருக்கு ஒரு லட்சம். ஐம்பது லட்சம் வைத்திருந்தவருக்குப் பத்து லட்சம். வங்கியின் படியே மிதிக்காத இட்லிக்கடை அம்மையாருக்கு? பூஜ்யத்தில் இருபது விழுக்காடு! அந்தக் கணக்கைப் பள்ளிப்பிள்ளை போட்டுவிடும்.

இத்தகைய தொழில்கள் 6 கோடியே 34 லட்சம் என்று 2015–16 கணக்கெடுப்பில் எண்ணியது அரசு. பாதிக்கு மேல் கிராமங்களில். அந்தக் கடன் திட்டம் 2023 மார்ச் 31இல் முடிந்தபோது தரப்பட்ட உத்தரவாதங்கள் 1 கோடியே 19 லட்சம், தொகை 3.68 லட்சம் கோடி. பிழைத்தவர்கள் உண்டு, மறைக்கவில்லை. பட்டியலுக்கு வெளியே நின்ற கோடிக்கணக்கானோர் யார் வீட்டுப் பிள்ளைகள்?

தெருவோர வியாபாரிக்கு 10,000 ரூபாய்க் கடன் என்று 2020 ஜூனில் ஒரு திட்டம். நல்லதுதான். ஆனால் நகரத்துக்கு மட்டும்! தாமலிலிருந்து கூடை சுமந்து காஞ்சி நகருக்குள் விற்றவருக்கு வழி இருந்தது. அதே கூடையைத் தன் தெருவில் இறக்கி விற்றவருக்கு இல்லை. கூடை ஒன்று, காய் ஒன்று, பசி ஒன்று. சட்டம் மட்டும் இரண்டு! நகரை ஒட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக விரிப்பது என்று முடிவு செய்ய 2025 ஆகிவிட்டது.

ஆறு மாதம் தவணை கட்டவேண்டாம் என்றது ரிசர்வ் வங்கி. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை! வட்டிக்கு வட்டி கூடாதென்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. முழுத் தீர்ப்பு வந்தது 2021 மார்ச் 23இல்.

நெசவாளியின் நிலையோ இன்னும் கொடுமை. காஞ்சிப் பட்டுக்கு நூல் கர்நாடகத்திலிருந்து வரவேண்டும், ஜரிகை சூரத்திலிருந்து வரவேண்டும். லாரி நின்றது, நூல் நின்றது. கல்யாணம் நின்றது, சேலை நின்றது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்குத் தறி ஓடாத நாளில் கூலி ஏது? அவருக்கு இருந்த கடன் முதலாளியிடம் வாங்கிய முன்பணம். அதை எந்த வங்கியின் பேரேட்டில் தேடுவது? அந்த வேளை பார்த்து, 2020 ஜூலை 27இல், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்தார்கள்!

வேறு வழி இல்லையா? இருந்தது. ஜெர்மனியில் ஐந்து பேர் வரை வேலை செய்யும் தொழிலுக்கு 9,000 யூரோ வரை கொடுத்தார்கள். கடனாக அல்ல, உதவியாக. அமெரிக்காவில், வாங்கிய கடனைத் தொழிலாளியின் சம்பளத்துக்குச் செலவிட்டால் திருப்பித் தரவேண்டாம் என்றார்கள்.

கடல் கடந்தும் போகவேண்டாம். 1953இல் ஆலைத்துணி மீது தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் காஞ்சி தந்த அண்ணா, தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியைத் திருச்சியில் விற்றார். உள்ளவனிடம் வாங்கி இல்லாதவனுக்குத் தருவது இந்த மண் அறியாததா?

நம் ரேஷன் கடையைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய். ஆட்சி மாறியபின், 2021இல் இரு தவணையாக 4,000 ரூபாய், 2 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு. ஈடு கேட்டார்களா? பழைய கடன் கேட்டார்களா? பட்டியல் தயாராக இருந்தது, பணம் போய்ச் சேர்ந்தது. வயிற்றுக்கு வழி செய்த அந்த முறை, தொழிலுக்கும் வேண்டும்.

நாம் கேட்பது இதுதான். ஊராட்சிதோறும் சிறுதொழில் செய்வோரின் பட்டியல் வேண்டும். ஊராட்சியின் சான்றே போதும் என்ற சட்டம் வேண்டும். அரசு கடையைப் பூட்டச் சொன்னால், அன்றே பட்டியலில் உள்ளவருக்குத் திருப்பிக் கேட்காத தொகை வரவேண்டும். இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஊர்ச்சபையின் விதிகளை 919லும் 921லும் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கல்லில் எழுத முடிந்த ஊராருக்கு, இன்று ஏட்டில் எழுத முடியாதா?

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவேண்டாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. ஆதார் எண்ணோடு பான் எண்ணும் வேண்டும். கிளைக் கழகத் தோழர்களே, தெருவுக்கு இருவர் கிளம்புங்கள். டீக்கடையிலும் தறிக்கூடத்திலும் உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்கள். தரகன் பணம் கேட்டால் விரட்டுங்கள்.

அடுத்த வெள்ளம் சொல்லிவிட்டு வராது. அது வரும்போது நம்மவர் பெயர் ஏட்டில் இருக்கவேண்டும்!