மஞ்சள் தொண்டைச் சின்னானும் ஒரு 'மூலப் பத்திரமும்': பறவைக்குப் பெயர் வைப்பது எப்படி?

தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் பறவை பார்க்கப் போகிறவர்கள் முக்கியமாகத் தேடுவது மஞ்சள் தொண்டைச் சின்னானைத்தான். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. குன்றுகளைக் கல் குவாரிகள் தின்றுகொண்டிருப்பதால், அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளில் இதுவும் ஒன்று.

1845-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர், மதராஸ் ராணுவ மருத்துவர் டி.சி. ஜெர்டன். 'சாந்தோலேமஸ்' என்றால் கிரேக்கத்தில் மஞ்சள் தொண்டை.

வர்ணனை மட்டும் போதாதா?

போதாது. மஞ்சள் தொண்டை எத்தனையோ பறவைகளுக்கு உண்டு. அதனால் ஒவ்வொரு பெயரையும் ஒரு நிஜப் பறவையோடு கட்டிப்போடுகிறார்கள். அதுதான் 'வகை மாதிரி'. பஞ்சு அடைத்துப் பதப்படுத்திய தோல், காலில் ஒரு சீட்டு: எங்கே, எப்போது, யார் பிடித்தது. நிலத்துக்கு மூலப் பத்திரம் மாதிரி. இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் மட்டும் 7 லட்சம் பறவைத் தோல்கள் இருக்கின்றன. பத்திரம் செல்லரிப்பதும் உண்டு. ஜெர்டன் ஆரம்பத்தில் ஸ்காட்லாந்துக்கு அனுப்பிய பறவைகளை அந்துப்பூச்சி அரித்துவிட்டது.

இன்றைக்கு அதனால் என்ன பயன்?

நம்ம ஊர் சோலைக்கிளியைப் பாருங்கள். நீலகிரிப் பறவைக்கு ஒரு பெயர், பழனி மலைப் பறவைக்கு ஒரு பெயர். இரண்டுமே 19-ம் நூற்றாண்டில் வைத்தவை. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருப்பதையும் பழனிப் பறவையோடு சேர்த்தே எண்ணி வந்தார்கள். வி.வி. ராபின் குழு டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது அது தனி என்று தெரிந்தது. பழைய பெயர்களின் 'மூலப் பத்திரம்' இரண்டும் வேறு மலைகளுடையவை. எனவே 2017-ல் புது வகை மாதிரியோடு 'ஆஷாம்புயென்சிஸ்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். சில உலகப் பட்டியல்கள் அதை இன்னும் துணையினமாகவே வைத்திருக்கின்றன. ஆனாலும் பெயர் மாறவில்லை.

அதற்காகப் பறவையைக் கொல்லணுமா?

எப்போதும் இல்லை. 2006-ல் அருணாசலப் பிரதேசத்தில் ரமணா ஆத்ரேயா 'புகுன் லியோசிக்லா'வுக்குப் பெயர் வைத்தபோது கண்ணில் பட்டவை 14 பறவைகள்தான். ஒன்றைக் கொல்வதுகூட ஆபத்து. பிடித்து, உதிர்ந்த இறகுகளை எடுத்துக்கொண்டு, படம் எடுத்துப் பறக்கவிட்டார். அந்த இறகுகளே ஆதாரம்.

தனிப் பெயர் இல்லாத பறவை, 'வேறு இடத்திலும் இருக்கிறதே' என்ற கணக்கில் போய்விடும். அதன் குன்று போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். பாதுகாப்புப் பட்டியலில் ஏறுவதற்கு முதல் படி பெயர்தான்.